ஊரும் ஊராட்சியும்

(முத்துக்குளித்துறைக் கடற்கரையை அடுத்த ஊராட்சிகளின் உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

     

ஊராட்சி நிருவாகத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரிவு பிரிவாக வாசித்துக் காட்டினால் பொழுது போய்விடும். கேட்பவர்க்கு உறக்கமும் வந்துவிடும். ஆகையால் சட்டத்தில் எழுதப்படாத ஒரு செய்தியிலிருந்து தொடங்குவோம்.

வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரையில் உள்ள நம் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கம் ஒன்றல்ல, இரண்டு. வாக்குச் சீட்டினால் அமைவது ஊராட்சி மன்றம். கோவிலைச் சுற்றி அமைவது மற்றொன்று. அதற்குக் கடற்கரையில் ஊர்க் கமிட்டி என்று பெயர்; உள்நாட்டுக் கிராமங்களில் ஊர்ப் பொது என்பார்கள்; சில சமூகத்தாரிடையே உறவின்முறை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லலாகாது என்பதைச் சொல்வது எது? ஏலம் எவ்வாறு நடைபெற வேண்டும், திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு, சண்டையிட்ட இருவரில் யார் மன்னிப்புக் கேட்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது எது? ஊர்க் கமிட்டிதான். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் மட்டும் ஊராட்சியின் நினைவு வருகிறது. கமிட்டி சொன்னால் அன்று மாலைக்குள் பணம் சேர்ந்துவிடுகிறது. ஊராட்சி வீட்டு வரி கேட்டால், மூன்று முறை அறிவிப்பு அனுப்பிய பின்னரும் நிலுவை நிற்கிறது.

இதனைக் கண்டு அலுவலர்களாகிய நம்மில் சிலர் சினம் கொள்வதுண்டு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. ஊர்க் கட்டு என்பது நேற்று முளைத்ததன்று. இக்கடற்கரையில் பரதவர் குலத்திற்குத் தூத்துக்குடியில் ஒரு சாதித் தலைவரும், ஊர்தோறும் பட்டங்கட்டிகளும் இருந்து நிருவாகம் செய்தனர். போர்த்துக்கீசியர் வந்தனர், 1658 இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர், பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர் யாராயினும் பட்டங்கட்டியின் வாயிலாகவே ஊரை அணுக வேண்டியிருந்தது. 1542 இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரும் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை ஏற்படுத்தி, வேதபோதனையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். பிடித்த மீனில் ஒரு பங்கைத் தெறிப்பு என்று கோவிலுக்கு எடுத்து வைப்பதும், வணிகரும் விவசாயிகளும் விற்ற சரக்கின் மீது மகமை என்று பொதுவுக்குச் சிறு தொகை விடுவதும் அக்காலத்து வழக்கங்கள். இவற்றைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை; ஜப்தி இல்லை; ஆனாலும் வசூலாயிற்று. தன் காசு எங்கே போகிறது என்பதைக் கொடுத்தவன் தன் கண்ணாலேயே கண்டான். கோபுரம் எழும்பிற்று, பள்ளிக்கூடம் கட்டப்பட்டது. அதுதான் காரணம்.

முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இக்கடற்கரையின் பெயரே முத்துக்குளித்துறை. கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் துறைமுகம் நகர்ந்ததே அன்றி, முத்துப் பார்கள் கடலுக்குள் அதே இடத்தில் இருந்தன. சென்னை அரசாங்கத்தார் முத்துக்குளிப்பை நடத்திய முறையை அறிந்தவர்கள், அது எவ்வளவு கணக்கோடு நடந்தது என்பதை அறிவார்கள். முதலில் பார்களை ஆராய்ந்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் உள்ள முத்துக்களை மதிப்பிடுவார்கள். சிப்பி முதிரவில்லை, அல்லது தொகை போதாது என்றால் அவ்வாண்டு குளிப்பு இல்லை. உண்டு என்று தீர்ந்தால் கரையில் முகாம் போடுவார்கள். தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை மூன்று கூறாகக் குவிப்பார்கள். ஒரு கூறு குளிப்பவர்க்கு. இரு கூறுகள் அரசாங்கத்திற்கு. அரசாங்கத்தின் பங்கை அன்றிரவே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் கூறுவார்கள். குளித்தவன், வியாபாரி, அதிகாரி ஆகிய மூவரும் பார்த்திருக்க எண்ணுதல் நடைபெறும். எழுதப் படிக்கத் தெரியாத குளியாளிக்கும் தன் பங்கு இதுவென்று தெரிந்திருந்தது.

(இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். சுறாமீன் வராதபடி மந்திரத்தால் கடலைக் கட்டுவதற்கென்று தனியாக ஆட்கள் இருந்தனர். அவர்களுக்கும் பங்கு உண்டு. இருபதில் ஒரு பங்கு என்று 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். செய்த வேலை இன்னதென்று கண்ணுக்குத் தெரியாமலே பங்கு பெறுவோர் எக்காலத்திலும் உண்டு போலும். உங்கள் ஊராட்சிச் செலவுப் பட்டியலிலும் அப்படி யாரேனும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

1955 முதல் 1961 வரை இங்கு நடைபெற்ற முத்துக்குளிப்புகளே கடைசியானவை. பின்னர் பார்களில் சிப்பி போதவில்லை. கடற்கரையில் பொதுச் சொத்து தேயும் கதை அத்துடன் நின்றபாடில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப் பாறைகளை வெட்டியதன் விளைவாகத் தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. 1986 இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள் வெட்டியது வெட்டியதே. தீவு மூழ்குவதை எந்த ஊரும் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை. தீர்மானம் போடாததனால்தான் மூழ்கிற்று என்பது நம் கருத்து. ஆளுக்கொரு தோணிக் கல் எடுத்தார்கள். மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க ஒரு சபை இல்லை.

சபை என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்கள் நினைவுக்கு வரும். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளும் குடவோலை முறையும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. ஆனால் நமக்கு மிக அருகில், திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மானூரில், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 800 இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் சபை விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை நம்மவர் பலர் அறியார். அதில் ஒரு விதி மிகவும் சுவையானது. கூட்டத்திற்கு வந்து, எந்தக் காரியம் எடுத்தாலும் கூடாது, கூடாது என்று முட்டுக்கட்டை போடுபவனுக்கும், அவனுக்குத் துணை நிற்பவனுக்கும், ஒவ்வொரு காரியத்திற்கும் ஐந்து காசு தண்டம்! ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அத்தகைய உறுப்பினர் இருந்திருக்கிறார் என்று அறிவதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. உத்திரமேரூரிலோ, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள்.

இவற்றைப் பெருமையாகச் சொல்லும்போது மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அச்சபைகளில் இடம் பெற நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். உழுதவனுக்கும், குளம் வெட்டியவனுக்கும், பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. நம் காலத்து ஊர்க் கமிட்டிகளின் குறையும் ஏறக்குறைய இதுவே. கமிட்டி என்பது ஒரு கோவிலுக்கு உட்பட்டவர்களின் சபை. அதே ஊராட்சி எல்லைக்குள் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. தேரிக்காட்டு ஓரத்தில் பனையேறும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆதிதிராவிடர் குடியிருப்பு இருக்கிறது. வேறு கோவிலுக்குச் செல்வோரும் எந்தக் கோவிலுக்கும் செல்லாதவரும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் உரிய ஒரே சபை ஊராட்சிதான். 1992 இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆம் அரசியல் சட்டத் திருத்தமும், அதனைத் தழுவிய 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அடிப்படையில் இதனைத்தான் சொல்லுகின்றன. நம் மாவட்டத்தின் 12 ஒன்றியங்களிலுள்ள 403 கிராம ஊராட்சிகளுக்கும் அது பொது.

ஆகவே கமிட்டியை எதிரியாகக் கொள்ளவும் வேண்டா. எசமானாகக் கொள்ளவும் வேண்டா. எது எதற்கு உரியது என்ற வரம்பு தெரிந்தால் போதும். கோவில் விழாவும், தொழில் கட்டுப்பாடும், வீட்டுச் சண்டைகளைச் சமரசம் செய்வதும் ஊரோடு இருக்கட்டும். பொது நிலம், பொது நீர், பொதுப் பணம் ஆகிய மூன்றும் ஊராட்சியின் பதிவேட்டில்தான் இருக்க வேண்டும்.

இந்த வரம்பு எங்கே குலைகிறது என்று கேட்பீர்கள். குளத்து மீன் ஏலத்திலே குலைகிறது. ஊரார் கூடிக் குளத்தின் மீன் பாசியை ஏலம் விட்டு, அத்தொகையைக் கொடை விழாவிற்கு எடுத்துக்கொள்வதைப் பல இடங்களில் காண்கிறோம். பணம் ஊருக்குத்தானே செலவாகிறது, இதிலென்ன தவறு என்பார்கள். தவறு எங்கே என்றால், மதகு பழுதானபோது அந்தப் பணம் இல்லை. கடைமடையில் நிலம் வைத்திருப்பவன் அந்த விழாவிற்கு அழைக்கப்படுவதில்லை. குளம் யாருடையது என்பதையும் விவசாயிகள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால், தென்கால் வாய்க்கால்களில் நீர் பெறும் பெரிய குளங்களுக்கு நம்மிடம் மனுக் கொடுத்தால், அதனை அத்துறைக்கு அனுப்புவதன்றி நாம் வேறு செய்ய இயலாது; மாதங்கள் வீணாகும். யாரிடம் மனுக் கொடுப்பது என்பதை அறிவது நிருவாகத்தில் பாதி.

இதைவிடக் கொடிய வழக்கம் ஒன்றும் தென் மாவட்டங்களில் தலைகாட்டியது. தலைவர் பதவியையே ஏலம் விடுவது! அதிகத் தொகை தருபவர் ஒருவரே மனுச் செய்வார், மற்றவர் ஒதுங்கிக்கொள்வர், தொகை கோவில் திருப்பணிக்கு. 2019 ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலின்போது இத்தகைய செய்திகள் நாளேடுகளில் வந்தன. தேர்தல் ஆணையமும் மாவட்ட நிருவாகங்களும் எச்சரித்தன. திருப்பணிக்குத்தானே என்று எண்ணுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். சில லட்சங்கள் கொடுத்துப் பதவிக்கு வந்தவர் அந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பார்? உங்கள் தெருவில் போடும் சிமெண்டுச் சாலையின் கனத்திலிருந்துதான் எடுப்பார். ஊர் ஒற்றுமை என்ற பெயரால் வேறொரு கொடுமையும் நடந்திருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டதற்காக, 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தலே முறையாக நடைபெற முடியவில்லை. பத்தாண்டுக் காலம் ஊர் ஒற்றுமையாகத்தான் இருந்தது. ஊராட்சி மட்டும் இல்லை.

இனி, நம் ஊர்களின் முதற் பிரச்சினையாகிய குடிநீருக்கு வருவோம். கடற்கரையில் இதனை விளக்கத் தேவையில்லை. திருச்செந்தூர் நாழிக்கிணறு போல் கடலருகே நன்னீர் சுரப்பது இயற்கையின் அருள். ஆனால் அவ்வாறு மணலில் தங்கும் மழைநீர் உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாகவே நிற்கிறது. மின்மோட்டார் வைத்து மிகுதியாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே வந்துவிடும். ஒருமுறை கெட்ட கிணறு எளிதில் திருந்துவதில்லை. எனவேதான் தாமிரவருணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் மூலம் குழாய் வழியே நீர் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மேல்நிலைத் தொட்டி வரையில் வருவது திட்டத்தின் வேலை. தொட்டியிலிருந்து வீட்டு வாசல் வரையில் கொண்டுசெல்வது ஊராட்சியின் வேலை.

ஓர் ஊரில் 400 வீட்டு இணைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். மாதம் 30 ரூபாய் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். பாதிப் பேர் கட்டாவிட்டால் 72,000 ரூபாய் குறையும். தொட்டி இயக்குபவரின் ஊதியம், குழாய் உடைப்பு, வால்வு பழுது, குளோரின் தூள் ஆகியவை பாதியாகக் குறைவதில்லை. ஆகவே முதலில் குளோரின் நிற்கும்; அடுத்துக் கடைசித் தெருவிற்கு நீர் நிற்கும். கடைசித் தெருவில் இருப்பவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். கட்டணம் கட்டாத வீடு முதல் தெருவில் இருக்கிறது. தாகம் கடைசித் தெருவில் இருக்கிறது. அதே ஊரில் திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரியை ஒருவர் பாக்கியின்றிக் கட்டியிருப்பார்கள். இதற்கு நாம் சொல்லும் பரிகாரம் எளிது. கோவில் கணக்கைத் திருவிழா முடிந்ததும் ஆலய வாசலில் படிக்கிறீர்கள் அல்லவா? குடிநீர்க் கணக்கையும் அவ்வாறே ஒவ்வொரு மாதமும் தொட்டியின் அடியில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். வசூல் இவ்வளவு, செலவு இவ்வளவு, நிலுவை இவ்வளவு. பெயர் எழுதி யாரையும் அவமானப்படுத்த வேண்டா. தெரு வாரியாகத் தொகை எழுதினால் போதும். மற்றதைத் தெருக்கள் பார்த்துக்கொள்ளும்.

கிராம சபையைப் பற்றிச் சில சொற்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வருகை தந்தால்தான் கூட்டம் செல்லும். கையொப்பத்தை வீடு வீடாகச் சென்று வாங்கி எண்ணிக்கையை நிரப்புவது கூட்டம் ஆகாது. கடற்கரை ஊர்களில் இன்னொரு சங்கடம். காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் ஆடவர் கடலில் இருப்பர், அல்லது ஏலக் கூடத்தில் இருப்பர். தருவைகுளம் போன்ற ஊர்களிலிருந்து பல நாள் தங்கித் தொழில் செய்யச் செல்லும் வள்ளத்தாருக்கு எந்த மணியும் ஒத்துவராது. ஆயினும் பெண்கள் கரையில் இருக்கிறார்களே! தண்ணீர்ப் பிரச்சினையை அறிந்தவர்களும் அவர்களே. அவர்களைத் தரையில் ஒரு பக்கமாக உட்கார வைத்து, ஆடவர் பேசி முடித்த பின் கலைத்துவிடுவதாக இருந்தால் அவர்கள் ஏன் வரவேண்டும்?

ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. வந்த பின்னும், தலைவரின் நாற்காலியில் தலைவரின் கணவர் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். நாம் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தலைவருக்கு என்று வரும் கூட்டத்தில் தலைவர் மட்டுமே அமரலாம். துணைக்கு வந்தவர்க்கு வெளியே வேப்பமரத்தடியில் நல்ல நிழல் இருக்கிறது. முதல் இரண்டு கூட்டங்களில் வருத்தப்பட்டார்கள். மூன்றாவது கூட்டத்திலிருந்து அந்த அம்மையார்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல நம் பொறியாளர்கள் கோப்பைப் புரட்ட வேண்டியதாயிற்று.

காசோலையில் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இருவர் கையொப்பமும் வேண்டும் என்ற விதி, ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்காக ஏற்பட்டது. ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிப்பதற்காக அன்று. துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்துத் துப்புரவுப் பணியாளருக்கு ஊதியம் நிற்பது மிகவும் வெட்கத்திற்குரியது. மறுப்பதற்குக் காரணம் இருந்தால் அதனை மன்றக் கூட்டத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். காரணம் கூறாமல் மறுப்பவருக்கு மானூரார் விதித்த ஐந்து காசுதான் பொருத்தம். அதனை வசூலிக்க இன்று நமக்கு அதிகாரம் இல்லை!

தீர்மானம் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கிழக்குத் தெருவிற்கு வடிகால் வசதி செய்து தருமாறு தீர்மானிக்கப்படுகிறது" என்று எழுதி அனுப்புகிறார்கள். எங்கிருந்து எதுவரை, எத்தனை அடி, நீர் எங்கே போய்ச் சேரும், இடம் புறம்போக்கா பட்டாவா, எந்த நிதியிலிருந்து? இவை ஐந்தும் இல்லாத தீர்மானம் நம் மேசையில் உறங்கத்தான் செய்யும். நீர் எங்கே சேரும் என்பது மிக முக்கியம். ஓர் ஊரில் ஊர்ப் பொதுவினரே பணம் திரட்டித் தெருவை உயர்த்திச் சாலை போட்டார்கள், மெச்சத்தக்க காரியம், ஆனால் அடுத்த மழையில் அத்தெருவின் நீர் முழுவதும் தாழ்வான குடியிருப்புக்குள் புகுந்தது. திட்டம் போட்ட கூட்டத்தில் அக்குடியிருப்பைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ரயில் நின்றுவிட்டது, பாதை அறுந்தது, மின்சாரம் இல்லை. அருகிலுள்ள புதுக்குடி மக்கள் கோவிலில் சமைத்து அப்பயணிகளுக்குச் சோறிட்டார்கள். எந்த அதிகாரியின் உத்தரவையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஊர் என்பதன் ஆற்றல் அது. அதற்கு ஈடாக எந்தத் திட்டமும் இல்லை என்று மனமாரச் சொல்லுகிறோம். ஆனால் வெள்ளம் வடிந்த மறுநாளிலிருந்து வேறு வேலை தொடங்கிற்று. எத்தனை வீடுகள் இடிந்தன, எந்தக் கிணற்றில் சாக்கடை கலந்தது, எந்த மடை உடைந்தது, யாருடைய வாழைத் தோட்டம் மணல் மூடிற்று? சொத்துப் பதிவேடும் வீட்டு வரிப் பதிவேடும் ஒழுங்காக இருந்த ஊராட்சிகளில் இவற்றுக்கு விடை விரைவில் கிடைத்தது. பதிவேடு இல்லாத இடங்களில் உரத்த குரல் உடையவர்களின் வீடுகளே பட்டியலில் முதலில் ஏறின.

ஆகையால் அடுத்த கிராம சபைக்கு முன்னர் ஒவ்வோர் ஊராட்சியும் மூன்று வேலைகளை முடிக்கவேண்டுகிறோம். ஊராட்சிக்குச் சொந்தமான கிணறு, தொட்டி, கட்டடம், மரம் ஆகியவற்றை வார்டு உறுப்பினரே நேரில் சென்று பார்த்து, சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். குளத்து மீன் பாசியும் புளிய மர மகசூலும் எவ்வழியில் ஏலம் போகின்றன, தொகை எந்தக் கணக்கில் சேர்கிறது என்று ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும்; கோவிலுக்கு உரியது கோவிலுக்கே இருக்கட்டும், அதனையும் எழுதுங்கள். குடிநீர்ப் பலகையை மாதத்தின் முதல் தேதியில் மாட்டிவிட வேண்டும். பலகைக்கும் வண்ணத்திற்கும் ஆகும் சிறு செலவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செய்துகொள்ளலாம். சொத்துப் பதிவேட்டின் மாதிரிப் படிவம் நம் அலுவலகத்தில் இருக்கிறது. இன்று போகும்போதே ஆளுக்கு ஒன்று பெற்றுச் செல்லுங்கள். ஐயம் உடையவர்கள் இப்போது கேட்கலாம்.